பேக்ஸ்பேஸும் எங்க அக்காவும்

ஒரு சின்ன கேள்வி. நெட்டில் ஏதோ ஒரு பக்கம் படிச்சிட்டு இருக்கீங்க. இதுக்கு முன்னாடி பார்த்த பக்கத்துக்குத் திரும்பணும். கீபோர்டில் எதைத் தட்டுவீங்க?

‘ஆல்ட்டும் இடது பக்க அம்புக்குறியும்’ என்றால் சமர்த்துப் பிள்ளை நீங்க. விரல் தானாகவே பேக்ஸ்பேஸ் பக்கம் போச்சுன்னா, கையைக் குடுங்க. நீங்களும் நம்ம பழைய செட்டு!

இப்போ இருக்கிற தம்பி, தங்கைகளுக்காக ஒரு வரி விளக்கம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்திலிருந்து பேக்ஸ்பேஸுக்கு ரெட்டை வேஷம். கர்சர் எழுதுற கட்டத்துக்குள் இருந்தால் எழுத்தை அழிக்கும். கட்டத்துக்கு வெளியே இருந்தால் முந்தின பக்கத்துக்கு இழுத்துட்டுப் போயிடும். ஒரே கீ, ரெண்டு வேலை. ஜாலியாத்தான் இருந்தது. 2012-ல் எங்க அக்கா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் வரைக்கும்!

எங்க ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். அக்காதான் எங்க வீட்டின் முதல் பட்டதாரி. நான் அப்போ ப்ளஸ் ஒன். அவள் ஒரு வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் அது. நண்டு வித்த காசில் 200 ரூபாயை நைனா எடுத்துக் குடுக்க, ரெண்டு பேரும் பஸ் பிடிச்சு பொன்னேரிக்குப் போனோம். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய்.

விண்ணப்பம் ஒரே பக்கம்தான். ஆனால் இறங்க இறங்க வந்துட்டே இருக்கும். பெயர், முகவரி, மார்க், சாதிச் சான்றிதழ் எண்... அக்கா ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி அடிச்சாள். முக்கால் மணி நேரம் ஆச்சு. ‘ஆண் / பெண்’ இடத்தில் வட்டத்தைக் கிளிக் பண்ணினாள். அப்போதான் மேலே சான்றிதழ் எண்ணில் ஒரு எண் கூடுதலாக விழுந்திருக்கிறதைப் பார்த்தாள். கர்சர் இன்னும் அங்கேயே இருக்குன்னு நினைச்சு, பேக்ஸ்பேஸை ஒரு தட்டு.

பக்கமே காணோம்! பதறி முன்னால் போனோம். விண்ணப்பம் வந்தது. அத்தனை கட்டமும் வெறுமை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘‘கம்ப்யூட்டர் தெரியாதவங்க எல்லாம் ஏன்க்கா கை வைக்கிறீங்க?’’ என்று சென்டரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அக்கா பதில் பேசவில்லை. முதல் கட்டத்திலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பிச்சாள். பாதியில் கரன்ட் போச்சு. தமிழ்நாடே மின்வெட்டில் தவிச்ச வருஷம் அது, ஞாபகம் இருக்கா? யு.பி.எஸ். கொஞ்ச நேரம் ‘கீ... கீ...’ன்னு கத்திட்டு அதுவும் படுத்துடுச்சு. கரன்ட் வந்தப்போ கெடு முடிஞ்சிருந்தது.

விண்ணப்பிச்சிருந்தா வேலை கிடைச்சிருக்கும்னு சொல்ல வரலை. பரீட்சை எழுதுற வாய்ப்பே போச்சு. எங்க ஏரியில் ‘பாடு’ன்னு ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுறதுன்னு சீட்டுப் போட்டு, முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. நம்ம முறையைத் தவறவிட்டா அடுத்த முறை வரைக்கும் கரையில் உட்கார வேண்டியதுதான். நைனா அன்னைக்கு ராத்திரி சொன்னது அவ்வளவுதான்: ‘‘பாடு போச்சு, விடு கண்ணு.’’

அப்புறம் 2016 ஜூலை. நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல் வாசி. குரோம் 52 வந்தது. பேக்ஸ்பேஸைத் தட்டினால் பக்கம் நகரவே மாட்டேங்குது! ‘பின்னால் போக ஆல்ட்டும் இடது அம்பும்’னு உபதேசம் வேற. ஹாஸ்டலே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சது. எடுத்தவங்க சரின்னு ஒரு கட்சி, திருப்பிக் குடுன்னு ஒரு கட்சி. ரெண்டாவது கட்சிக்கு நான்தான் பேச்சாளர்!

‘‘ஒரு விரல் வேலைக்கு எதுக்குடா ரெண்டு விரல்? இத்தனை வருஷப் பழக்கத்தை எப்படி மாத்துறது? யாரோ நாலு பேர் தப்பா அமுக்கினா, அதுக்கு நாங்க ஏன் கஷ்டப்படணும்?’’

எதிர்க்கட்சி நண்பன் கூகுள் தரப்பு சொன்ன கணக்கை எடுத்து நீட்டினான். பார்க்கப்படும் பக்கங்களில் 0.04 சதவீதத்தில்தான் பேக்ஸ்பேஸ் தட்டிப் பின்னால் போறாங்க. ஏதோ ஒரு படிவத்தில் கை வெச்ச பிறகு அப்படிப் போறது 0.005 சதவீதம். அதாவது, ஒரு லட்சம் பக்கத்துக்கு 40 தடவை பேக்ஸ்பேஸ். அதில் 5 தடவை, நிரப்பினது பறிபோக வாய்ப்புள்ள இடம். ‘‘வெறும் அஞ்சுதானே மச்சான்!’’ என்று நான் சிரிச்சேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் பண்ணும்போது, இதையே காமெடியாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா கேட்டாள்: ‘‘ஏன்டா... அன்னைக்குப் பொன்னேரியில நான் அமுக்கினதும் அதுதானே?’’

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்தது ஃப்ரெண்ட்ஸ். நாலு வருஷமா அவள் ‘எனக்குக் கம்ப்யூட்டர் வராது’ன்னு நம்பிட்டு இருந்திருக்கா. நம்ப வெச்சது நான். அந்த அஞ்சில் ஒண்ணு எங்க வீட்டிலேயே இருந்திருக்கு. எனக்குத் தெரியலை.

யோசிச்சுப் பாருங்க. ஷார்ட்கட் போயிடுச்சுன்னு கூச்சல் போட்டவங்க, எது போச்சுன்னு தெரிஞ்சவங்க. விண்ணப்பத்தையே பறிகொடுத்தவங்க, ‘நம்ம மேலதான் தப்பு’ன்னு வாயை மூடிட்டு எழுந்து போயிருப்பாங்க. கூச்சலை மட்டும் கேட்டு முடிவு பண்ணியிருந்தா, பேக்ஸ்பேஸ் இன்னும் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஸ்பேஸ் பாருக்கும்தானே ரெட்டை வேஷம்னு கேட்பீங்க. உண்மைதான். கட்டத்துக்குள் இடைவெளி விடும், வெளியே பக்கத்தைக் கீழே தள்ளும். ஆனா அது தப்பா விழுந்தா ஷிஃப்ட்டோட சேர்த்துத் தட்டினா மேலே வந்துடலாம். எதுவும் தொலையாது. எங்க நைனா படகில் நங்கூரக் கயிறு ஒரு பக்கம், வலைக் கயிறு எதிர்ப் பக்கம். இருட்டில் கை தப்பக் கூடாது, அதான். அழிக்கிற கீயையே திரும்பிப் போற கீயாவும் வெச்சா, எவ்வளவு பழகின கையும் ஒரு நாள் தப்பும்.

ஃபயர்பாக்ஸும் 2021 மார்ச்சில் வந்த 87-வது பதிப்பில் இதை நிறுத்திட்டாங்க. பழசுதான் வேணும்னு அடம் பிடிச்சா வழி இருக்கு. அதன் உள் அமைப்புகளில் ஒரு எண்ணை மாத்தினால் போதும். வேணும்கிறவங்க தேடிப் போய் எடுத்துக்கட்டும். தெரியாதவங்க தலையில் வந்து விழ வேணாம். இப்போ என் கட்சி இதுதான்!

ஆனா ஆபத்து முழுசா தீரலை. செல்போனில் திரை ஓரத்தில் விரல் பட்டு இழுத்தால் பக்கம் பின்னால் போயிடுது. லேப்டாப் டச்பேடில் ரெண்டு விரல் வழுக்கினாலும் அதே கதிதான். அதனால பெரிய விண்ணப்பம் நிரப்பும்போது, எல்லாத்தையும் முதலில் நோட்டிலோ நோட்பேடிலோ எழுதி வெச்சுக்கோங்க. இது எங்க அக்கா கண்டுபிடிச்ச டெக்னிக். அடுத்த வருஷம் வேறொரு வேலைக்கு அப்படித்தான் விண்ணப்பிச்சாள், தனியாகவே போய்!

இன்னொண்ணு. பக்கத்தில் யாராவது கீபோர்டோட மல்லுக்கட்டினா, கத்துறதுக்கு முன்னாடி அவங்க எந்தக் கீயை அமுக்கினாங்கன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க.

அன்னைக்குப் போனிலேயே அக்காகிட்ட ஸாரி கேட்டேன். ‘‘ஸாரி கிடக்கட்டும்டா. அன்னைக்கு பிரவுசிங்குக்கு அழுத காசைக் குடு’’ என்றாள்.

ஊருக்குப் போனதும் குடுத்துட்டேன். வட்டியோட!