வாயில்லா உயிருக்கு முதலுதவி

தாமிரபரணிக் கரை ஊர்களில் நாயோ பூனையோ வளர்க்காத வீடுகள் குறைவு. வயலுக்குச் செல்கையில் பின்தொடர்ந்து வந்தும், இரவில் வாசலில் காவல் கிடந்தும், பிள்ளைகளோடு பிள்ளையாய் வளரும் உயிர்கள் அவை. மனிதருக்குச் செய்யவேண்டிய முதலுதவியைப் பள்ளிகளில் கற்பிக்கின்றனர். இவ்வாயில்லா உயிர்களுக்கு அடிபட்டால் என்ன செய்வது என்பதையோ நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வெறிநாய்த் தடுப்பூசி போடச் சென்றிருந்தபோது கால்நடை மருத்துவர் ஒருவர் பொறுமையாக எடுத்துரைத்த சில செய்திகள், எங்கள் வீட்டு நாயின் உயிரைக் காத்தன. அவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் இல்லம் பத்தமடையில் அம்பாசமுத்திரம் சாலையை ஒட்டியுள்ளது. ஏழு வயதான எங்கள் நாட்டு நாய் மணி, ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் சாலையைக் கடக்கையில் இருசக்கர வண்டி ஒன்று மோதி வீழ்ந்தது. பின்னங்கால் தொங்கிற்று; குருதி பெருகிற்று. பக்கத்து வீட்டு இளைஞர் இரக்க மிகுதியால் ஓடிப்போய்த் தூக்க, மணியின் பல் அவர் கையில் கீறிவிட்டது. நாள்தோறும் அவர் கையால் சோறு உண்ட நாய்தான் அது! வலி மிகுந்த விலங்கு, தொடுகிறவர் தன் அன்பரா அயலாரா என்று பார்ப்பதில்லை.

ஆகவே, பிள்ளைகளை விலகி நிற்கச் செய்து, பழைய வேட்டியைக் கிழித்து அதன் வாயைக் கட்டினோம். துணியால் மூக்கின்மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, பிறகு இரு காதுகளுக்கும் பின்னே கொண்டுபோய் ஒரு முடிச்சு, இவ்வளவே. மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் இவ்வாறு கட்டலாகாது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

அதற்குள் எதிர்வீட்டு ஆச்சி ஒரு கை நிறையக் காப்பிப்பொடியோடு வந்துவிட்டார்.

“இத அப்பி விடுங்க, ரெத்தம் நின்னுரும்லா!”

“வேண்டாம் ஆச்சி, துணி போதும். பொடி போட்டா டாக்டர் புண்ணக் கழுவ முடியாது.”

ஆச்சியின் அன்பில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் பொடி, மஞ்சள், சாம்பல் ஆகியவை ஆழ்ந்த காயத்தினுள் அழுக்காகத் தங்கிச் சீழ் வைக்கக் கூடும். தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தவாறு பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தோம். நின்றுவிட்டதா என்று இடையே துணியைத் தூக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கிய குருதி மீண்டும் பிரிந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேல் மற்றொன்றை வைக்கவேண்டுமேயன்றி முதல் துணியை எடுத்தலாகாது.

ஊர் வழக்கப்படி ஒருவர் கோரைப் பாயைக் கொண்டுவந்தார். பாய் நடுவில் தொய்யும். முதுகெலும்பு முறிந்திருந்தால் அத்தொய்வே பெருங்கேட்டை விளைக்கும். எனவே பழைய கதவுப் பலகையொன்றில் மணியை மெல்ல நகர்த்திக் கிடத்திப் போர்வையால் மூடினோம். மேலுதட்டை விலக்கிப் பார்த்தபோது ஈறு வெளுத்திருந்தது. இளஞ்சிவப்பாய் இருக்கவேண்டிய ஈறு வெளுத்தால், உடலில் இரத்த ஓட்டம் தளர்கிறது என்று பொருள், தாமதிக்க நேரமில்லை.

பால் கொடுக்கச் சொன்னவரையும், வலி மாத்திரை நீட்டியவரையும் பணிவுடன் மறுத்தோம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவிருந்தால் அது மூச்சுக்குழலில் புகக்கூடும். நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமாலோ பூனைக்கு நஞ்சு. அதனை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்க்கும் மருத்துவர் சொல்லாமல் மனித மருந்தைக் கொடுத்தலாகாது.

ஒருபுறம் ஆட்டோ வர, மறுபுறம் அவ்விளைஞரின் கையைக் குழாயடியில் சோப்பிட்டு முழுமையாகப் பதினைந்து நிமிடம் கழுவச் செய்தோம். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதனைச் சிதைக்கிறது. நாய்க்கடிக்குச் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் தடவும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் மறையவில்லை. அது காயத்தைப் பெரிதாக்குமேயன்றி நோயைத் தடுக்காது. 1885-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காத்த நாள்முதல், இந்நோயைத் தடுக்க வழி உண்டு. நோய்க்குறிகள் தோன்றியபின்னரோ பிழைப்பது மிக அரிது. மணிக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருந்தும், அவரை அன்றிரவே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம்.

மணியின் காலைக் காப்பாற்ற இயலவில்லை. எலும்பு நொறுங்கிப் போயிருந்ததால் மருத்துவர் அக்காலை அகற்ற நேர்ந்தது. “குருதி இன்னும் சற்றுப் போயிருந்தால் உயிரே தங்கியிருக்காது” என்றார் அவர். முதலுதவி நோயைத் தீர்ப்பதில்லை. மருத்துவர் கைக்குப் போய்ச் சேரும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கிறது. இன்று மணி மூன்று காலால் நடக்கிறது. அயலார் வந்தால் முன்போலவே குரைக்கிறது.

நம் மாவட்டத்தார்க்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு. திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால்நடை மருத்துவ ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962. இவ்வெண்ணையும் அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணையும் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். துவைத்த பழந்துணி, கட்டுத்துணிச் சுருள், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டு வையுங்கள். பெட்டி எங்கிருக்கிறது என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். அடிபட்ட நாயை ஓடிப்போய்க் கட்டித் தழுவாமல், முதலில் பெரியவர்களை அழைக்கவேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.