அப்பா வழி

செவ்வாய், இரவு

அக்காவுக்கு அந்தச் சிவப்பு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதுதான் என் ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்தது. சிஏ 125: 58. இருக்க வேண்டியது 35-க்குள். எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

அவளுக்கு மார்பகப் புற்று என்று தெரிந்ததிலிருந்து, "நீயும் ஒரு தடவை எல்லாம் பாத்துடு" என்று வீட்டில் சொல்லாதவர்கள் இல்லை. லேபில் பெண்களுக்கான பேக்கேஜில் இதையும் சேர்த்திருந்தார்கள். எந்த டாக்டரும் எழுதித் தந்ததல்ல. சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. கண் அந்த ஒரு வரியிலேயே போய் நிற்கிறது. ஒரு கையால் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சூலகப் புற்று என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

புதன்

கஞ்சி கொடுக்கப் போன இடத்தில் கேட்டுவிட்டாள். "ஏன்டி முகம் இப்படி இருக்கு?" மழுப்பிப் பார்த்தேன். "என்கிட்ட மறைக்கிறதா இருந்தா நாளைக்கு வராதே" என்றாள். காட்டினேன். வாசித்துவிட்டு, "முதல்ல டாக்டரைப் பாரு" என்று சொல்லி, கஞ்சியில் உப்பில்லை என்றாள்.

வெள்ளி

மகப்பேறு மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்க்குமுன் கேட்டது இதுதான்: "எப்ப ரத்தம் கொடுத்தீங்க? பீரியட்ஸ் நேரமா?" ஆமாம், இரண்டாம் நாள். மாதவிலக்கு, கருப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், எதற்கும் இது ஏறுமாம். நோயே இல்லாத பெண்களிலும் நூற்றில் ஒருவருக்கு 35-ஐத் தாண்டும். அதற்கு நேர்மாறாக, தொடக்கநிலைச் சூலகப் புற்று உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர்வதே இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள்: அறிகுறி இல்லாத பெண்களுக்கு இந்தப் பரிசோதனையையோ ஸ்கேனையோ ஆண்டுதோறும் செய்ததால் சூலகப் புற்றுச் சாவு குறையவில்லை. இப்படிப்பட்ட ஒன்றை நலமாக இருப்பவர்களுக்குப் பேக்கேஜில் கட்டி விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஸ்கேனில் சிறிய ஃபைப்ராய்டு. சூலகம் இரண்டும் சுத்தம். அடுத்த மாதவிலக்கு முடிந்தபின் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பிறகு பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல வேற யாருக்கு?" என்றார். அம்மா வழியில் யாருக்கும் இல்லை என்றேன். "அப்பா வழியில?"

அப்படி ஒரு பக்கம் இருப்பதையே நான் யோசித்ததில்லை.

சனி

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உங்க அத்தைக்கு வயித்துல கட்டின்னுதான் சொல்லிக்கிட்டோம். ஆபரேஷன் பண்ணி, கரண்ட் வச்சாங்க." அத்தை போனபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கட்டி எங்கே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு நிற்கும் பெண் வீட்டில் இருக்கும்போது அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று அப்பா கேட்டார். அவரைக் கோபிக்க மனம் வரவில்லை.

மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். ஆனால் அக்காவுக்கு வயது 44, வந்திருப்பது டிரிப்பிள் நெகட்டிவ் வகை. அதனால் அவளுக்கு முதலில் பிஆர்சிஏ மரபணுச் சோதனை. அவளிடம் குறை தெரிந்தால், அதே குறை எனக்கு இருக்கிறதா என்று தேடுவார்கள்; இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது அப்பா வழியாகவும் வரலாம், அவருக்கு ஒன்றும் இல்லாமலே.

இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப நான்தான் கொடுத்தேனா?" என்றார். சோதனை முடிவே இன்னும் வரவில்லை, வந்தாலும் அது யார் குற்றமும் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது.

ஞாயிறு

அத்தை மகளுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "அம்மாவுக்கு வந்தது அதுதானா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது மதினி, பழைய பயாப்சி ரிப்போர்ட் ஏதாவது இருக்கா என்றேன். டிரங்குப் பெட்டியில் ஒரு ஃபைல் கிடக்கிறதாம். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு வருகிறாள். அக்காவின் டாக்டரிடம் இருவருமாகப் போகிறோம்.