வண்டிக்கா வயது, முதுகுக்கா?

பழைய வண்டியில் ஷாக் அப்சர்வர் தேய்வது ஓட்டுகிறவருக்குக் கடைசியில்தான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கை பழகிவிடுகிறது. முதலில் தெரிவது பின்னால் உட்காருகிறவருக்கு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைச் சேவித்துவர, போக மட்டும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். “இனிமே நான் பஸ்லயே வந்துக்கிறேன்” என்று வீட்டில் சொன்னால், வயதானது முதுகுக்கா வண்டிக்கா என்று பார்த்துவிட வேண்டும்.

பார்ப்பது சுலபம். முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஃபோர்க் ஆயில் கெட்டிருக்கும், அல்லது குறைந்திருக்கும். ஃபோர்க் குழாயை விரலால் தடவினால் எண்ணெய் ஒட்டுகிறதா? ஆயில் சீல் போய்விட்டது. அது வழிந்து பிரேக்குக்குள் இறங்கினால் பிரேக் பிடிக்காது. நம் வயதில் விழுந்தால் எலும்பு லேசில் கூடாது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கும்.

என்னுடையது புல்லட். 1950-களில் ராணுவத்துக்காகச் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி. பழைய மாடலுக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது. சீலை மாற்றி, முன்பக்கம் இரண்டு கால்களிலும் ஒரே அளவு ஆயில் ஊற்றி, பின் ஷாக் அப்சர்வரை ஜோடியாகவே மாற்றினோம். குழாயில் துருப்புள்ளி இருந்தால் புதுச் சீலையும் அறுத்துவிடும். மெக்கானிக்கிடம் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டியை விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். முதுகுக்குத் தைலம் வாங்குவதற்கு முன்பும்தான்.