சாண் அளக்கும் ஊர்

பிப்ரவரிக் கடைசியில் இண்டியானாபோலிஸ் போனால் மூக்கு நுனி மரத்துப்போகும். லூகாஸ் ஆயில் அரங்கத்துக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு விரல்கள் இருப்பதே ஞாபகம் வந்தது. கூரையை மூடியிருந்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், பெரும்பாலும் காலி. பார்க்க வந்த எங்களைப் போன்றவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். கீழே ஆட்டமும் இல்லை, எதிரணியும் இல்லை. ஒரு பையன் ஓடினான். முடிந்ததும் அடுத்தவன் வந்து நின்றான்.

அமெரிக்கக் கால்பந்தின் 32 அணிகளும் ஏப்ரல் டிராஃப்டில் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கின்றன. அதற்கு முன் முந்நூறுக்கு மேற்பட்ட பையன்களை இங்கே வரவழைத்துச் சோதிப்பார்கள். 1987 முதல் இந்த ஊரில்தான் நடக்கிறது. மருத்துவப் பரிசோதனையை எல்லா அணிகளுக்கும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய ஏற்பாடு, இன்று தொலைக்காட்சித் திருவிழா.

நான் பார்க்க வந்தது குவாட்டர்பேக்குகளை. பந்து கைக்கு வந்த இரண்டரை, மூன்று நொடிக்குள், நூற்றுச் சொச்சம் கிலோ ஆட்கள் மேலே வந்து விழுவதற்கு முன், யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிற ஆள். ஆனால் இங்கே மேலே விழ யாருமில்லை. நேற்று அறிமுகமான ஒருவன் ஓடுகிறான். அவன் இன்னும் போய்ச் சேராத இடத்துக்குப் பந்து முந்திக்கொண்டு கிளம்புகிறது. அவன் திரும்பும்போது பந்து கையில் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் மூச்சு நின்றது.

அளவெடுப்பதை நம் கண்ணில் காட்டுவதில்லை. உயரம், எடை, கை நீளம், பிறகு உள்ளங்கையை விரித்துவைத்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. நம் சாண்தான்! மழையிலும் பனியிலும் பந்து வழுக்கக் கூடாதாம். 2020இல் ஜோ பர்ரோ என்ற குவாட்டர்பேக்குக்கு 9 அங்குலம் என்றதும் சிறிய கை என்று பேச்சு எழுந்தது. பந்து கையை விட்டு நழுவுமென்றால் ஓய்வுபெறுவது பற்றி யோசிக்கிறேன் என்று அவரே கிண்டலடித்தார். அந்த ஆண்டு முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர்தான்.

நம் ஊரில் எண்சாண் உடம்புக்குத் தலைதான் பிரதானம். அதையும் அளக்காமல் விடவில்லை. 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று ஒரு தேர்வு வெகுகாலம் இருந்தது; 2022இல் கைவிட்டார்கள். வேறொரு அறிவுச் சோதனையில் சி.ஜே. ஸ்ட்ரௌட் என்ற குவாட்டர்பேக் மோசமான மதிப்பெண் வாங்கினார் என்று 2023இல் செய்தி கசிந்தது. முதல் பருவத்திலேயே, தாக்குதல் பக்கத்தில் சிறந்த புதுமுகம் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. டாம் பிரேடி 2000இல் இதே ஊரில் 40 கெஜத்தை 5.28 நொடியில் ஓடினார். குவாட்டர்பேக்குக்குக்கூட அது ஆமை ஓட்டம். ஆறு குவாட்டர்பேக்குகள் போன பிறகு, 199ஆவது ஆளாக அவரை எடுத்தார்கள். சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டியை ஏழு முறை வென்றார். மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர்களும் தப்புவது உண்டு. ஆனால் அவர்களிடம் மின்னணுக் கடிகாரம் இல்லை.

அளப்பதில் பாதி நேர்காணல் அறையில் நடக்கிறதாம். பழைய ஆட்டத்தின் படத்தை ஓடவிட்டு, இந்த இடத்தில் ஏன் இங்கே எறிந்தாய் என்று கேட்பார்கள். பையன் பழியைத் தோழன்மேல் போடுகிறானா, தான் ஏற்கிறானா என்பதையும் கவனிப்பார்களாம். எனக்கென்னவோ அந்த ஒரு கேள்விக்காகவே மற்றதையெல்லாம் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

இரவு செயின்ட் எல்மோ உணவகத்தில் இடமே இல்லை. 1902இலிருந்து இருக்கும் கடை. அங்கே இறாலின் மேல் ஊற்றித் தரும் காரக்குழம்பு நாக்கை விட்டுவிட்டு நேரே மூக்குக்கு ஏறுகிறது. பக்கத்து மேசையில் நாலு பேர் கண்ணீரைத் துடைத்தபடி யாரோ ஒரு பையனின் முழங்காலைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஒரு கடையில் அந்தப் பந்தை வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். என் சாண் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஈரமும் இல்லை, பனியும் இல்லை. பந்து நழுவி, கல்லாவுக்கு அடியில் உருண்டு போய்விட்டது.