பீலிக்கரையில் படம் எடுக்கக் கூடாது

“நகத்தால கிள்ளாதீங்க தம்பி, காம்பு கருத்துப்போகும். விரலால ஒடிங்க.”

மூன்றாவது தடவையாகச் சொல்கிறார் அக்கா. என் இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு, கட்டிவிட்டதும் அவர்தான். பதுளை மாவட்டத்தில், தெமோதரைக்குப் பக்கத்துத் தோட்டம். 38 வருசம் பேர் போட்டு வேலை செய்து ஓய்ந்தவர், லயத்துக்குப் பின்னால் குடும்பம் பராமரிக்கும் ஐம்பது அறுபது செடிகளில் என்னைப் போன்றவர்களுக்குக் கொழுந்தெடுக்கக் கற்றுத்தருகிறார்.

செடிமேல் மட்டக்கம்பைக் கிடத்தினார். கம்புக்கு மேலே தலைநீட்டும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் நமக்கு. அதற்குக் கீழே இருப்பது செடிக்கு. அவர் கண் என்மேல் இருக்க, இரண்டு கையும் தம்பாட்டுக்கு ஒடித்து, பிடி நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் எறிந்தன. அரை மணி நேரத்தில் என் கூடையின் அடிகூட மறையவில்லை. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை என்று படித்திருக்கிறேன். கழுத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித்தருவது ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்று. தளிர் சுணங்கும், வாசம் ஏறும். “வாசம் ஏறுனா நிறுவை எறங்கும்” என்றார் அக்கா. ஏலத்தில் விலை உயர்கிற அதே மாதங்களில்தான் அரைப்பேருக்கு, அதாவது அரைநாள் கூலிக்கு, பயந்து மலையேறினாராம். எந்தத் தேயிலைப் பெட்டியிலும் இதை அச்சடிக்க மாட்டார்கள்.

மருமகள் இஸ்தோப்பில் ரொட்டி தட்டுகிறார். கட்டைச் சம்பலும் தேத்தண்ணியும் அவர் பொறுப்பு. ஆள் கூட்டிவருவது மகன். வரும்படியில் ஒரு பங்கு மாரியம்மன் கோயில் கணக்குக்குப் போகிறது. லயத்து ஆட்கள் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு. பீலிக்கரையில் படம் எடுக்கக் கூடாது என்பதும் அப்படித்தான் வந்தது. குளிக்கிற இடத்தில் கெமராவோடு நின்ற ஒருவருக்கு வாளித் தண்ணீர் கிடைத்த பிறகு.

வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒன்பது வளைவுப் பாலத்துக்காக வந்தவர்கள். பாலம் முடிந்தது 1921இல். ரயில் பதுளையைத் தொட்டது 1924இல். மகன் அவர்களுக்கு இன்னொரு 1921ஐயும் சொல்கிறார். ஆட்களின் கடனை எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்ற உதவிய ‘துண்டு’ சட்டப்படி ஒழிந்ததும் அதே ஆண்டுதான். பாட்டன் வாயில் கேட்ட சொல்லாம். பாலத்தின் உயரம் எவ்வளவு என்று கேட்டுவந்த கூட்டம் அந்த இடத்தில் கெமராவை இறக்குகிறது.

குடும்பம் இதை நன்றாகவே நடத்துகிறது. பெயர்ப் பலகை மட்டும் மாட்ட முடியாது. காணி பெரும்பாலும் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். லயக்காம்பிராவுக்குக் காணி உறுதி கிடையாது. துரை பங்களா சொகுசு விடுதியாகலாம். மூன்று தலைமுறை பிறந்த லயக்காம்பிராவில் ஒரு விருந்தாளியை முறைப்படி தங்கவைக்க வழியில்லை. பாரம்பரியச் சுற்றுலா பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் இந்த உறுதியிலிருந்து தொடங்கட்டும்.

போன வருசம் யாரோ காமன் கூத்தை ஒரு சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரத்துக்கு ஆடிக்காட்டச் சொல்லி, நல்ல தொகையும் பேசினார்களாம். கூத்து வாத்தியார் பெரியவர் கோபப்படவில்லை. “மாசியில பிறை பார்த்து கம்பம் ஊனணும். ஊனாம யாரை எரிக்கிறது?” என்று மட்டும் கேட்டாராம். ரதி வேடம் ஒரு வீட்டின் நேர்த்திக்கடன். அந்தப் பையன் விரதம் இருந்தாக வேண்டும். மன்மதன் எரிந்த பிறகு ரதி அழும்போது காமன் பொட்டலில் பெண்களும் அழுவார்கள். அதற்கு நேரஅட்டவணை போட முடியாது. மாசியில் வந்து, எல்லாரோடும் படங்கை விரித்து, விடியும்வரை தப்படி கேட்டால் டிக்கட் இல்லை.

அக்கா என் கூடையைக் கவிழ்த்தார். முற்றல் ஒருபக்கம், கொழுந்து ஒருபக்கம். முற்றல் குவியல்தான் பெரிது.

“இவ்வளவையும் கழிச்சிருவாங்களா?”

“கழிச்சுட்டு ஏசவும் செய்வாங்க.”

தூரத்தில் ரயில் கூவியது. மகன் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி பாலத்துப் பக்கம் இறங்கி ஓடினார்.