சென்னைக் கொசு ஜிபூட்டிக்குப் போன கதை

ஆப்பிரிக்காவில் மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோயாகவே இருந்தது. அந்தக் கணக்கைக் கெடுத்திருப்பது நம்ம ஊர்க் கொசு, அனோபிலிஸ் ஸ்டெபன்சி. சென்னையில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். மொட்டைமாடித் தொட்டி, கிணறு, கட்டட வேலைக்குப் பிடித்து வைத்த தண்ணீர் என்று எதிலும் முட்டையிடும். நகரமே அதற்கு வசதி.

2012இல் இதை கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் கண்டார்கள். அந்த ஆண்டு அங்கே மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் 73,000க்கும் மேல்! எண்ணை இன்னொரு முறை சரிபார்த்த பிறகுதான் நம்பினேன். எல்லாப் பழியும் கொசுவுக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பங்கு அதனுடையதுதான். 2022இல் எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் மழையில்லாத மாதங்களிலேயே மலேரியா பரவியது. மழைக்காக இது காத்திருப்பதில்லை, நாம் சேமிக்கும் தண்ணீர் போதும். பல பூச்சிமருந்துகளுக்கும் மசிவதில்லை.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. மலேரியா ஒழிந்த நாடு என்று 2016 செப்டம்பரில் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. சில மாதங்களிலேயே மன்னார்க் கிணறுகளில் இதே கொசு. (கடலெல்லாம் அதற்கு ஒரு தடையா?)

டெங்குவுக்காகப் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கிறோம், நல்லது. அப்படியே மாடிக்கும் ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் இன்றே கொசுவலைத் துணி கட்டிவிடுங்கள்.