1909-க்கு ஒரு குரூசர்

ஆண்டு 1909. ஜெர்மன் கடற்படைக்கு ஓர் இலகு குரூசர் வேண்டும். சீனக் கரையில் சிங்தாவ் துறைமுகம்தான் அதற்கு வீடு. அங்கிருந்து பசிபிக், இந்தியப் பெருங்கடல் என்று மாதக்கணக்கில் சுற்ற வேண்டும். வேகம் 25 நாட், எடை 4,500 டன். இப்படி ஒரு கப்பல் கட்டப்படவில்லை. நான்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

பகலில் என் பிழைப்பு டக், பார்ஜ், சிறிய சரக்குக் கப்பல்கள். அவற்றில் பாதி முடிவுகளை விதிப்புத்தகமே எடுத்துவிடும். மாலையில் இந்தக் குரூசரில் ஒவ்வொரு முடிவுக்கும் நானே காரணம் சொல்லியாக வேண்டும். அதற்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒரே நிபந்தனை, 1909-இல் ஒரு வடிவமைப்பாளருக்குத் தெரிந்ததற்கு மேல் எனக்கும் எதுவும் தெரியக்கூடாது என்பது.

கற்பனைக் கப்பல் வரைகிறவர்கள் பலர் படத்தில் ஆரம்பிப்பார்கள்: எத்தனை புகைபோக்கி, முகப்பு எப்படிச் சாய்ந்திருக்கிறது. நான் எடை அட்டவணையில் ஆரம்பிக்கிறேன். நீர்மட்டத்தில் நீளம் 130 மீட்டர், அகலம் 13.8, மூழ்கும் ஆழம் 4.9. இந்த மூன்று அளவுக்கு ஒரு பெட்டி செய்தால், ஒல்லியான குரூசர் உடல் அதில் பாதியைத்தான் நிரப்பும். சுமார் 4,400 கன மீட்டர், கடல் நீரில் 4,500 டன். உடல் எஃகு, பாய்லர், டர்பைன், கவசம், பீரங்கி, குண்டு, நிலக்கரி, குடிநீர், மாலுமியின் பெட்டி வரை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொன்றிடமிருந்து பிடுங்கித்தான் கொடுக்க முடியும்.

அதிகமாகப் பிடுங்குவது வேகம். தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். என் கணக்கில் 25 நாட்டுக்கு 19,000 குதிரைத்திறன் வேண்டும். 27 நாட் என்றால் 24,000-ஆவது வேண்டும். அக்கால நிலக்கரி பாய்லரும் டர்பைனும் சேர்த்து ஒரு டன்னுக்கு 20 குதிரைத்திறன் என்று வைத்தால், அந்த இரண்டு நாட்டுக்காக 250 டன் போய்விடும். என் பீரங்கிகளும் குண்டுகளும் மொத்தமாகச் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. அதனால் 25-இலேயே நின்றுகொண்டேன்.

டர்பைனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனம், புரொபெல்லருக்கோ மெதுவாகச் சுழன்றால்தான் பலன். இரண்டையும் ஒரே தண்டில் நேரடியாக இணைத்தால், 12 நாட்டில் நிதானமாகப் போகும்போது நிலக்கரியை விழுங்கும். இடையில் கியர் வைத்தால் தீர்ந்தது. ஆனால் பார்சன்ஸ் தன் கியர் டர்பைனை வெஸ்பேசியன் என்ற பழைய சரக்குக் கப்பலில் சோதித்துக்கொண்டிருந்ததே அந்த வருடங்களில்தான். ஜெர்மன் குரூசருக்கு அது கிடைத்திருக்காது. கை அரித்தாலும் கியரை விட்டுவிட்டேன்.

பீரங்கியில்தான் மனசாட்சி அதிகம் உறுத்துகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் குரூசர் எம்டன், 3,664 டன் கப்பல். அதில் பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள், ஒரு பக்கத்துக்குச் சுடக்கூடியவை ஐந்து. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி அதை மடக்கியது. சிட்னி 5,400 டன். எட்டு ஆறு அங்குலப் பீரங்கிகள், ஒரு பக்கத்துக்கு அதிலும் ஐந்துதான். ஆனால் எம்டனின் குண்டு 17 கிலோ, சிட்னியின் குண்டு 45 கிலோ. முதலில் எம்டன்தான் குறி தவறாமல் அடித்தது. முடிவை அது மாற்றவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு 15 சென்டிமீட்டர் பீரங்கி வைப்பது எளிது. தெரியாமல் வைப்பதற்கு நியாயம் வேண்டும். ஜெர்மானியர் 10.5-ஐப் பிடித்துக்கொண்டதற்கு நல்ல காரணம் இருந்தது. சிறிய குண்டை ஒருவர் சுலபமாகத் தூக்கலாம், வேகமாகச் சுடலாம், பாய்ந்து வரும் டார்பிடோ படகை நிறுத்த அதுவே போதும். உருளும் தளத்தில் 45 கிலோவைக் கையில் ஏந்தி, ஆட்டத்துக்கு ஈடுகொடுத்து, பீரங்கியின் பின்திறப்புக்குள் தள்ளுவது வேறு வேலை. பத்தாவது குண்டுக்குள் கை சோர்ந்துவிடும். ஆனால் 1909-இல் பிரிட்டன் கட்டிக்கொண்டிருந்த பிரிஸ்டல் வகை குரூசர்களில் முன்னும் பின்னும் தலா ஓர் ஆறு அங்குலப் பீரங்கி இருந்தது. வெளிநாட்டுக் கடலில் தனியாகத் திரியப்போகும் கப்பல் அவற்றைத்தான் சந்திக்கும். அந்த ஒரு தகவலின் பேரில் எட்டு 15 சென்டிமீட்டர் பீரங்கிகளை வைத்தேன். இது 1909-இலும் சொல்லக்கூடிய காரணம் என்றே நம்புகிறேன்.

அதற்கான விலை நிலைத்தன்மையில் தெரிகிறது. எங்கள் தொழிலில் ஜி.எம். என்று சொல்லும் அளவு, சாய்ந்த கப்பல் எவ்வளவு பலமாக நிமிரப் பார்க்கும் என்பதைக் காட்டும். என் கப்பலுக்கு அது 74 சென்டிமீட்டர் வந்திருந்தது. பெரிய பீரங்கிகளால் மேல்தளத்தில் 60 டன் கூடியதும் அதில் 6 சென்டிமீட்டர் கரைந்தது. கப்பலை அரை மீட்டர் அகலப்படுத்தினால் 27 சென்டிமீட்டர் திரும்பக் கிடைக்கும். அப்படிச் செய்யத்தான் முதலில் தோன்றும். ஆனால் ஜி.எம். கூடினால் கப்பல் விறைத்துக்கொள்ளும். இடமும் வலமுமாக ஒரு முறை உருண்டு திரும்ப 12 விநாடி எடுத்துக்கொண்டிருந்த கப்பல், 11 விநாடிக்குள் வெடுக்கென்று திரும்பும். 45 கிலோ குண்டோடு நிற்கிறவனுக்கு அந்த ஒரு விநாடி பெரிது. அகலத்தைத் தொடவில்லை. பக்கவாட்டு டார்பிடோ குழாய்களில் ஒரு ஜோடியை எடுத்துவிட்டு, அந்த எடையைக் குண்டறைக்குக் கொடுத்தேன். டார்பிடோ அதிகாரிகள் இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

நிலக்கரி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாய்லர் அறைகளின் இரு புறமும் கிடங்குகளை வைத்தால் எரிபொருளே கவசமாகிவிடும். உள்ளே சரிந்த கவசத் தளம், வெளியே நிலக்கரிச் சுவர். 1910-இல் தொடங்கப்பட்ட மாக்டெபர்க் வகையில்தான் ஜெர்மன் இலகு குரூசர்களுக்கு நீர்மட்டத்தில் எஃகுப் பட்டைக் கவசம் வந்தது. ஒரு வருடம் முந்திய என் கப்பல் நிலக்கரியைத்தான் நம்ப வேண்டும். ஆனால் நீண்ட பயணத்தின் முடிவில், எதிரி எதிர்ப்படக்கூடிய நேரத்தில், கிடங்கு காலியாகவும் பக்கம் வெறுமையாகவும் இருக்கும். கோகோஸில் எம்டன் தன் நிலக்கரிக் கப்பல் பூரெஸ்க்குக்காகத்தான் காத்திருந்தது. தூரத்தில் தெரிந்த சிட்னியின் புகையை முதலில் அதன் புகை என்றே நினைத்தார்கள்.

அதனால் நீர்மட்டத்துக்கு மேலுள்ள கிடங்குகளைக் கடைசியில் எரிக்கும்படி வரிசைப்படுத்தப் பார்க்கிறேன். அப்படியானால் கீழ்க் கிடங்குகள் முதலில் காலியாகும், கனம் மேலே போகும், கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய ஜி.எம். மறுபடி குறையும். மேலிருக்கும் நிலக்கரியைக் கீழே பாய்லர் வாய்க்குக் கொண்டுவரக் கவசத் தளத்தில் துளையும், நீர்புகாத் தடுப்புகளில் கதவும் வெட்ட வேண்டும். மண்வெட்டியோடு ஒரு ஆள் இருட்டில் குனிந்து போய்வரும் அளவுக்கு அந்தக் கதவு பெரிதாக இருக்க வேண்டும். தண்ணீர் புகுந்தால் நிலக்கரித் துண்டுகள் இடுக்கில் சிக்காமல் அது மூடவும் வேண்டும். மூன்றாம் பாய்லர் அறைக்கான கதவை நேராகக் கீழே இறங்கும் வகையாக வரைந்திருக்கிறேன். முதல் அறையில் கப்பலின் உடல் உள்ளே வளைவதால் அதற்கு இடம் பற்றவில்லை.